கடைசி ஆட்டத்துக்கு வருகிறவர்கள்

பேராசிரியர் பிர்னி மறுபடியும் மேசையைத் தட்டுகிறார். தட்டிவிட்டு என் பக்கம் தலையைச் சாய்க்கிறார். இனி உன் முறை என்று அர்த்தம். நான் கூட்டத்தைப் பார்த்துச் சீனத்தில் சொல்கிறேன்: இந்த மேசை இங்கிருந்து பார்த்தால் பழுப்பு, வெளிச்சம் விழும் பக்கமிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட வெள்ளை, விளக்கை அணைத்தால் கறுப்பு, அப்படியானால் இதன் சொந்த நிறம் எது, யாருமே பார்க்காதபோது இது என்னவாக இருக்கிறது. சொல்லி முடிக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மேற்கத்தியத் தத்துவக்காரர்களுக்கு மேசை இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. அமெரிக்காவில் நான் படித்த பெண்கள் கல்லூரியிலும் ஒரு வழுக்கைத் தலைப் பேராசிரியர் மேசையைத்தான் தட்டினார். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட உலகத்தில் ஆறு இருக்கிறது, பசு இருக்கிறது, மாமியார் இருக்கிறாள். இவர்கள் கை நீட்டினால் எட்டுகிற பொருளை மட்டுமே சந்தேகப்படுகிறார்கள். வெந்நீரில் நனைத்த துண்டு ஒன்று என் பார்வைக்குக் குறுக்கே பறந்து போகிறது. கதவோரம் நிற்கும் பணியாள் பிழிந்து வீச, எதிர்ச்சுவர்ப் பக்கம் இன்னொருவன் தலைக்கு மேல் பிடித்து, முன்வரிசைக்காரரிடம் கொடுக்கிறான். அவர் முகத்தையும் பிடரியையும் துடைத்துக்கொண்டு சுகமாக ஒரு பெருமூச்சு விடுகிறார். தியான்ஜின் நாடகக் கொட்டகையில் இது அன்றாட வழக்கம். வந்திருப்பது ஸ்காட்லாந்துத் தத்துவப் பேராசிரியராக இருந்தால் என்ன, முகத்தில் புழுதி புழுதிதானே. காலையிலிருந்து கோபிப் பாலைவனத்துக் காற்று ஊரை மஞ்சளாக அடித்துக்கொண்டிருக்கிறது. பிர்னி துண்டு பறப்பதைக் கண்ணால் பின்தொடர்ந்தார், ஒரு நொடி மேசையை மறந்தார், பிறகு நினைவு வந்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார். நல்ல மனிதர். துண்டைப் பற்றிப் பேசச் சொன்னால் இன்னும் நன்றாகப் பேசுவார் என்று தோன்றுகிறது.

அந்தக் காற்றால்தான் நான் இங்கே நிற்கிறேன். நேற்று பீகிங்கிலிருந்து ரயிலில் வந்தபோது பிர்னியின் மொழிபெயர்ப்பாளர் ஃபெய் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வழி நெடுக அவரோடு விவாதம் பண்ணினாராம். இறங்கும்போது தொண்டை போய்விட்டது. இன்று காலை நான் பெண்கள் பள்ளியில் சுவர்ப்படத்தில் யாங்சே ஆற்றைக் குச்சியால் காட்டிக்கொண்டிருந்தபோது, விரிவுரைக் கழகத்தின் செயலாளர் ஜியாவ் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். இங்கிலீஷும் தத்துவமும் இரண்டும் தெரிந்த ஆள் இந்த ஊரில் வேறு யாரும் அகப்படவில்லை என்று அவர் சொன்ன விதத்திலேயே, மூன்று ஆண்களிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் தெற்குப் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். வியாழக்கிழமை பிர்னி கிளம்புகிறார்: ஜீனான், நான்ஜிங், ஷாங்காய், பிறகு நீராவிக் கப்பலில் ஆற்றோடு மேலே ஹாங்கோ, அங்கிருந்து சாங்ஷா. நான் சுவர்ப்படத்தில் குச்சியால் தொட்ட ஊர்கள். ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. ஃபெய் குணமாகாவிட்டால் நான் போகலாமா என்றேன். ஜியாவ் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுகிறவர்போலப் பார்த்தார். "ஹான் ஆசிரியை, பேராசிரியரோட மனைவியும் கூட வர்றாங்க, அதனால பத்திரிகைக்காரங்க வாயை அடைச்சிடலாம். ஆனா பொம்பளைக் குரல் பெரிய சபையில எடுபடுமா? இன்னைக்கு எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்." பார்ப்போம். இப்போது மேடைப் பக்கவாசல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் ஃபெய் கழுத்தில் கம்பளித் துணி சுற்றி உட்கார்ந்து, பேரிக்காய்ப் பாகைக் கரண்டி கரண்டியாக விழுங்குகிறார். தொண்டைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஒவ்வொரு கரண்டியும் உள்ளே இறங்கும்போது சாங்ஷா ஒரு முழம் தள்ளிப் போகிறது. அவர் சீக்கிரம் குணமாக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை குணமானால் போதும்.

ஜீனான், நான்ஜிங். பிர்னி பேசுகிறார், நான் கேட்கிறேன், கேட்பதும் சொல்வதும் தனித்தனியே நடக்கின்றன. வாய் வேலை செய்யும்போது மனம் வேறெங்காவது போய் நின்றுகொள்கிறது. இது மொழிபெயர்ப்பின் இரகசியமா அல்லது என் குறையா தெரியவில்லை. ஆனால் யாரும் கேட்கவில்லையே. மறுபடி இங்கேயே வந்து சிக்குகிறது எண்ணம். தொடக்கத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. பாதிக் கொட்டகை காலி. இருப்பவர்கள் தர்ப்பூசணி விதையைப் பல்லில் உடைத்துத் தரையில் துப்புகிறார்கள், பின்வரிசைக்காரரைத் திரும்பிப் பார்த்து மைத்துனன் கலியாணத்தை விசாரிக்கிறார்கள், கடலைக்காரனைக் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். மேல்மாடத்தில் மட்டும் மாணவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மேசை வேண்டாம், சீனா என்ன செய்ய வேண்டும் என்று இவர் எப்போது சொல்வார் என்பதற்காகக் காத்திருக்கிறார்கள். என் குரல்தான் எடுபடவில்லையா? பெரிய சபையில் பொம்பளைக் குரல். கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசைக் கிழவர் ஒருவர், தூங்குகிறவரைத் தொந்தரவு செய்யலாமா என்பதுபோல ஒரு கண்ணை மட்டும் திறந்தார். ஆனால் பிர்னி நன்றாகப் பேசுகிறார். உண்மையில் அருமையாகப் பேசுகிறார். சற்று முன்னால் அவர் சொன்னாரே, பார்க்கிறவனையும் பொருளையும் தனித்தனியே பிரித்து வைத்துவிட்டு அப்புறம் எப்படி ஒட்டவைப்பது என்று இருநூறு வருஷமாகத் திண்டாடுகிறோம், முதலில் யார் பிரிக்கச் சொன்னது என்று, அதைக் கேட்டபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. அதைச் சீனத்தில் சொன்னபோது, கீழே ஒருவர் பக்கத்து ஆளிடம் காது குடையும் குச்சி வாங்கினார். பிரிக்காதே என்பதுதான் பிர்னியின் முழு விஷயமும். அந்தச் சொல்லுக்காகத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறார். அதை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டார். முதலிலேயே.

முதலிலேயே. அடக் கடவுளே, முதலிலேயே சொல்லிவிட்டார். இந்தக் கொட்டகையில் முதலில் சொன்னதை எவன் கேட்பான்? எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அப்பா எனக்குப் பையன் உடுப்பு மாட்டி, பின்னலைத் தொப்பிக்குள் சுருட்டி, இதே கொட்டகைக்குக் கூட்டி வருவார். அப்போதெல்லாம் பெண்களுக்குக் கீழே இடம் கிடையாது. உப்பு வியாபாரத்தில் காலணாவை விடாத மனிதர், ஆட்டத்துக்கு மட்டும் அள்ளி விடுவார். மதியமே தொடங்கிவிடும். முதலில் புதுப்பையன்கள், பிறகு கழி சுற்றுகிறவர்கள், பிறகு குரல் போன பழைய ஆட்கள். அவற்றை யாரும் பார்ப்பதில்லை, பார்ப்பது மரியாதையும் இல்லை. ரசிகர் என்று பெயர் எடுத்தவர்கள் விளக்கு ஏற்றும் நேரத்துக்குத்தான் உள்ளே நுழைவார்கள், சொந்தத் தேநீர்க் கூசாவோடு, யாரையும் பார்க்காமல். பெரிய நடிகர் வருவது கடைசி ஆட்டத்துக்கு. அதுவரை நான் அப்பா மடியில் தூங்குவேன். பெரிய பறை அடிக்கும்போது அவர் என் கன்னத்தில் விரலால் தட்டுவார், கண் விழித்தால் மேடை முழுக்கப் பட்டும் கொடியும். இப்போதும் ஏதாவது முக்கியமாக நடக்கப்போகிறது என்றால் எனக்குக் கன்னத்தில் ஓர் அரிப்பு வரும். கொட்டகைச் சொந்தக்காரர் தமது வழக்கப்படி வாசலில் சிவப்புத் தாளில் பொன் எழுத்தில் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்: நமது நகரில் முதன்முறையாக, மேற்குலக மாமேதை பிர்னி. நடிகருக்குப் போடுகிற மாதிரியே. தியான்ஜின் அதைப் படித்தது, தலையை ஆட்டியது, வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறது. மாமேதை கடைசியில்தானே வருவார். ஜியாவுக்கு இது தோன்றவில்லை, அவர் ஜப்பானில் படித்தவர். ஃபெய் தெற்கத்திக்காரர். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிர்னியோடு ரிக்‌ஷாவில் கொட்டகைக்கு வரும்போது அவரிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். தலையையும் வாலையும் மாற்றிப் போடுங்கள், ஐயா. நானோ வழி முழுக்க ஒரு ஜெர்மன் சொல்லுக்குச் சீனத்தில் சரியான சொல் தேடிக்கொண்டு வந்தேன், அந்தச் சொல்லை அவர் இதுவரை உபயோகிக்கவே இல்லை.

இதோ, வரத் தொடங்கிவிட்டார்கள். கதவு திறந்து மூடித் திறந்து மூடி, ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் மஞ்சள் காற்றும் நாலைந்து பட்டு அங்கிகளும் உள்ளே வருகின்றன. காலி வரிசைகள் நிரம்புகின்றன. வருகிறவர்கள் அவசரப்படவில்லை, உட்காரும் முன் அங்கியின் பின்பக்கத்தை ஒதுக்கிவிட்டுக்கொள்கிறார்கள், கூசாவைத் திறந்து முகர்கிறார்கள். பிர்னி மகிழ்ச்சியோடு கூட்டம் பெருகுவதைப் பார்க்கிறார். தன் பேச்சு இழுத்துக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறார், பாவம். அவர் முடிவுரைக்கு வந்துவிட்டார். எனக்குத் தெரியும், அந்தக் கடைசித் தாள் அவர் கையில் இருக்கிறது. நான் வாக்கியங்களை நீட்டுகிறேன். அவர் ஆறு சொல்லில் சொன்னதைப் பதினைந்தில் சொல்கிறேன். அப்புறம் கதவு இன்னொரு தடவை திறக்கிறது, கன்னத்தில் அரிப்பு, மூன்றாவது வரிசைக்கு நடந்து வருகிறவர் என் அப்பா. கூடவே அவருடைய பாட்டுக் கோஷ்டி: மருந்துக்கடைத் தெங், பல் கட்டிய ஷாவ். காலையில் நேரே பள்ளியிலிருந்து வந்ததால் நான் வீட்டில் சொல்லவில்லை. அப்பா அங்கியை ஒதுக்கி உட்கார்கிறார், கூசாவின் மூக்கை வாயில் வைக்கிறார், மேடையைப் பார்க்கிறார். கூசா அப்படியே நிற்கிறது. தெங் எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார். நடிகர் ஏறுகிற பலகைமேல் உப்பு வியாபாரி ஹானின் மகள், அமெரிக்கச் சப்பாத்தோடு. என்ன சொல்வார்? எழுந்து போய்விடுவாரா? போகமாட்டார், கட்டணம் கொடுத்தாயிற்று. இந்த ஊர்க்காரர்கள் நடிகர் பிசகினால் சும்மா விடமாட்டார்கள். 'ஹாவ்' என்று பாராட்டுகிற அதே சொல்லை இழுத்து, வளைத்து, ஊளையாகச் சொல்வார்கள். பெரிய பெரிய ஆட்கள் அதைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். அதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசியில் கூசா மெல்ல வாய்க்குப் போகிறது. ஒரு மிடறு. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த நிமிடத்தில் பிர்னி தாள்களை அடுக்கி, இத்துடன் முடித்துக்கொள்கிறேன், பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி என்கிறார்.

இதை நான் எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டேன். வேறென்ன செய்ய. கொட்டகையில் சத்தம் நின்றுபோகிறது. கைதட்டல் இல்லை. விதை உடைக்கும் ஒலிகூட இல்லை. இருக்கையில் நிமிர்ந்து உட்கார்கிறார்கள், தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள், துண்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இத்தனை ஆயிரம் கண்களும் முதல்முறையாக மேடைமேல் இருக்கின்றன. தயார், இனித் தொடங்கலாம் என்கிற அமைதி அது, சிறு வயதிலிருந்து நான் அறிந்த அமைதி. நமக்குத்தான் சொல்ல ஒன்றுமில்லை. "தொடங்கலாமே" என்கிறது ஒரு குரல், கோபமில்லாமல். ஜியாவ் திரைக்குப் பின்னாலிருந்து கையை வட்டமாகச் சுழற்றுகிறார். ஓட்டு, ஏதாவது ஓட்டு என்று அர்த்தமா, மூட்டையைக் கட்டு என்று அர்த்தமா. ஃபெய் எழுந்து மேடைப் பக்கம் வந்து வாயைத் திறந்தார், கதவுக் கீல்போல ஒரு கிறீச்சு வந்தது, உட்கார்ந்துவிட்டார். ஹாங்கோ போயிற்று, சாங்ஷா போயிற்று, திங்கட்கிழமை குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடி சுவர்ப்படம். நான் குனிந்து பிர்னியிடம் சொன்னேன்: இவர்கள் இப்போதுதான் கேட்க வந்திருக்கிறார்கள், இந்த ஊரில் முக்கியமானது கடைசியில் வரும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, கூட்டத்தைப் பார்த்தார். "அப்படியானால் நான் ஒரு மணி நேரமாகத் திரை விலகுமுன் பாடுகிற பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேனா?" என்றார். கிட்டத்தட்ட, என்றேன். ஸ்காட்லாந்திலும் பிரசங்கத்துக்கு இப்படித் தாமதமாகத்தான் வருவார்கள், ஆனால் அங்கே பாதிரியாருக்கு அது தெரியும் என்று சொல்லிவிட்டு, விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். "அவர்களிடம் கேளுங்கள், இது என்ன என்று. அங்கிருந்து தொடங்கலாம்." பல்கலைக்கழகத்துப் பையன்களிடம் கேட்பதாக நினைப்பு. மேசை என்பார்கள், எப்படித் தெரியும் என்பார், அப்படியே போகும். நான் கேட்டேன். "பேராசிரியர் கேக்கறார், இது என்ன?"

"மலை" என்றார் பல் கட்டிய ஷாவ், யோசிக்காமல். "கோட்டைச் சுவர்" என்றது இடதுபக்கம். கிணறு, பாலம், கட்டில், நீதிபதியின் ஆசனம். யாரோ "மேகம்" என்றார், பின்னாலிருந்து ஒருவர், மேகத்துக்கு மேசையின்மேல் நீலத்துணி போட வேண்டும், துணியைக் காணோமே என்று திருத்தினார், அதன்மேல் இரண்டு வரிசைக்குள் சண்டை. எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பிர்னி தட்டிக்கொண்டிருந்தது கொட்டகையின் சொந்த மேசையை. எங்கள் மேடையில் திரைச்சீலை ஓவியம் கிடையாது, மரம் வெட்டி வைப்பது கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். நடிகர் அதன்மேல் ஏறினால் மலை, அதன் பின்னால் நின்றால் கோட்டை, அதிலிருந்து குதித்தால் கிணற்றில் விழுந்து செத்தாள் அந்தப் பெண். இந்த ஊரில் அந்த மேசையைப் பார்த்து மேசை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. இது எனக்கும் தெரியும், பால்குடி மறந்ததிலிருந்து தெரியும். இருந்தும் ஒரு மணி நேரமாக இதன் பழுப்பு நிறத்தைப் பற்றி இவர்களிடம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் நாலு வருஷம் படித்தால் இப்படித்தான் கண் கெட்டுப்போகும். பிர்னி என் முழங்கையைத் தொடுகிறார். "என்ன சொல்கிறார்கள்?" மலை என்கிறார்கள் என்றேன், கோட்டை என்கிறார்கள், காரணத்தையும் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை, பிறகு காதுவரை ஒரு சிவப்பு ஏறியது, குழந்தைக்கு வருகிற மாதிரி. "அவர்களுக்கு மலை தெரிகிறதா? உண்மையாகவே? கேளுங்கள், கேளுங்கள். பார்க்கிற கண்தானே மலையை உண்டாக்குகிறது?" அதை நான் சொல்லி முடிக்கும் முன்னே மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். கூசாவைத் தெங்கிடம் கொடுத்துவிட்டு நின்றார், சண்டைக்குத்தான்.

"மொழிபெயர்ப்பாளரே," என்றார் என் அப்பா. சபையில் உறவு சொல்லக்கூடாது, அது அவருக்குத் தெரியும். "வெளிநாட்டு ஐயாகிட்ட சொல்லுங்க. கண்ணுக்கு இதில ஒரு வேலையும் இல்லை. நான் வீட்டில தினம் மேசையைப் பார்க்கிறேன், ஒரு நாளும் மலை ஆனதில்லை. ஏறுகிறவன் காலைப் பார்க்கணும். ஏறத் தெரிஞ்சவன் ஏறினா மலை. தெரியாதவன் ஏறினா மேசை, எனக்குத் தலைவலி." சிரிப்பு. தெங் தொடையில் அடித்துக்கொண்டார். நான் பிர்னியிடம் சொல்லத் திரும்புகிறேன், அதற்குள் மேல்மாடத்திலிருந்து ஒரு மாணவன், கண்ணாடி போட்டவன், கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பு வெளியே தொங்க, "அப்போ குடியரசு?" என்கிறான். "சக்கரவர்த்தி போனதிலேருந்து பத்து வருஷமா ஒரு மேசையைக் காட்டி இதுதான் குடியரசுன்னு சொல்றாங்க. எங்களுக்கு மேசைதான் தெரியுது. கண்ணில கோளாறா, ஏறுகிறவன் காலில கோளாறா? பேராசிரியர் பதில் சொல்லட்டும்." கொட்டகை முழுக்க ஒரு முனகல். ஜியாவ் கையைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டார், இப்போது இரண்டு கையையும் கீழே அமுக்குகிறார். யார் என்ன பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள, பின்சுவரோரம் ஆளுநர் அலுவலகத்து ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார். பிர்னி என் கையை இழுக்கிறார், என்ன, என்ன சொல்கிறார்கள். நான் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி, அவர் யோசித்து, அவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்வதற்குள் இது ஆறிப்போகும். ஆறிப்போகும் என்று மட்டும்தான் தோன்றுகிறது. பதில் என் வாயில் இருக்கிறது. அது அவருடையது இல்லை. அவர் பிரிக்காதே என்றாரே, அதிலிருந்து வந்தது, அப்பாவின் காலிலிருந்து வந்தது, காலி வரிசைகளிலிருந்து வந்தது. எது எங்கே ஒட்டியது என்று பார்க்க இப்போது நேரமில்லை. ஒரு நிமிடம், பேராசிரியரே, என்றேன் இங்கிலீஷில். அவர் இழுப்பதை நிறுத்தினார். ஒரு மொழிபெயர்ப்பாளர் இப்படிச் சொல்லி அவர் கேட்டிருக்கமாட்டார்.

மேடையின் விளிம்புக்கு நடக்கிறேன். சப்பாத்துச் சத்தம் பலகையில் பெரிதாகக் கேட்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. "பேராசிரியர் கண்ணைப் பார்க்கச் சொன்னார்," என்கிறேன். "இந்த ஐயா காலைப் பார்க்கச் சொல்றார். ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டாங்க. எவ்வளவு நல்லா ஏறினாலும், எதிரில உட்கார்ந்து ஆமா மலைதான்னு ஒத்துக்க ஒரு சபை வேணும். சபை இல்லாட்டி அவன் மேசை மேல நிக்கிற ஆள், அவ்வளவுதான். இன்னைக்கு இதே மேடையில ஒருத்தர் ஒரு மணி நேரமா மலை ஏறினார். நீங்க யாரும் வரலை." அப்பாவின் புருவம் உயர்கிறது. குரல் எடுபடுகிறது, கடைசி வரிசைச் சுவரில் பட்டுத் திரும்பி வருவது எனக்கே கேட்கிறது. உரக்கப் பேசவில்லை, அவர்கள் சத்தம் போடாததால் கேட்கிறது, இத்தனை எளிய விஷயம். மேலே அந்த மாணவனைப் பார்க்கிறேன். "குடியரசைக் கேட்டீங்க. மேசையை நடுவில போட்டுப் பத்து வருஷமாச்சு. ஏறத் தெரிஞ்சவன் வரட்டும்னு நாம காத்திருக்கோம். சபை நிறையட்டும்னு அவன் காத்திருக்கான். கடைசி ஆட்டத்துக்குப் போனாப் போதும்னு எல்லாரும் வீட்டில உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம்." சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது, காலிலிருந்து மேலே. அந்த ஆள் பின்சுவரோரம் என்ன செய்கிறார் என்று பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். கடலை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு அது கிளம்பியது. ஷாவா, மருந்துக்கடைத் தெங்கா, யார் முதலில் என்று தெரியவில்லை, குட்டையாக, உருண்டையாக, அடிவயிற்றிலிருந்து, "ஹாவ்." இழுப்பு இல்லை, வளைவு இல்லை. அடுத்தது மேல்மாடம். அடுத்தது எல்லாரும். சிறு வயதில் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய ஒலி இது, அன்றைக்கு மேலே பட்டும் கொடியுமாக வேறு யாரோ நின்றார்கள். இப்போது என் உடம்பு வழியாகப் போகிறது, பலகை அதிர்கிறது, பிர்னி கைதட்டுகிறார், எதற்கென்று தெரியாமலே சிரித்துக்கொண்டு தட்டுகிறார்.

அப்பா மட்டும் கத்தவில்லை. இன்னும் உட்காரவும் இல்லை. சத்தம் அடங்கும்வரை நிற்கிறார். "மொழிபெயர்ப்பாளரே," என்கிறார். "ஏசினது போதும். தாமதமா வந்தது தப்புத்தான், ஒத்துக்கிறோம். இப்ப சபை நிறைஞ்சிருக்கு. முதல்லேருந்து சொல்லுங்க." சொல்லிவிட்டு அங்கியை ஒதுக்கி உட்கார்ந்து, கூசாவுக்குக் கை நீட்டுகிறார். நான் திரும்பிப் பிர்னியிடம் சொல்கிறேன், முதலிலிருந்து வேண்டுமாம். அவர் தாள்களை எடுக்கப் போனார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார். "என் தொண்டையும் போய்க்கொண்டிருக்கிறது," என்றார், அது பொய், மணி மாதிரி இருந்தது குரல். "நீங்கள் சொல்லுங்கள். நான் இங்கே உட்கார்ந்து என்ன சொல்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்." உட்கார்ந்தும்விட்டார், காலை நீட்டிக்கொண்டு, ஆட்டம் பார்க்க வந்தவர்போல. பக்கவாட்டுத் திரை விலகி ஜியாவின் தலை மட்டும் வெளியே வருகிறது. நெற்றியில் வியர்வை, புழுதியோடு குழைந்து. திட்டுவார் என்று நினைத்தேன். குடியரசைப் பற்றி ஏன் பேசினாய் என்பார். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் கேட்கிறார். "ஹான் ஆசிரியை, ஆத்துக் கப்பல்ல போனா உங்களுக்குத் தலை சுத்துமா?" எனக்கு ஒரு நொடி புரியவில்லை. என்ன கப்பல். பிறகு ஹாங்கோ, அந்த நீலக்கோடு, சுவர்ப்படத்தில் என் குச்சி நகர்ந்து போகும் இடம், அங்கே உண்மையாகவே தண்ணீர் இருக்கும், சேறு மணக்கும், கரையில் யாராவது துணி துவைப்பார்கள். சிரித்துவிடுவேன் போலிருக்கிறது. சபை காத்திருக்கிறது.

"தெரியலை," என்கிறேன். "ஏறிப் பார்த்தாத்தான் தெரியும்." சொல்லிவிட்டு மேடையின் நடுவுக்குப் போய், முதலிலிருந்து தொடங்குகிறேன்.